பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

பழைய கார் வண்டி வழியில் நின்றால் முதல் பழி பெட்ரோல் பம்ப் மேல்தான் விழும். என்னுடைய ஸ்டாண்டர்டு ஹெரால்டிலும் அப்படித்தான் விழுந்தது. அந்தக் கோளாறு எனக்குக் கற்றுக்கொடுத்ததைப் பழைய வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும் என்று நெடுநாளாக ஆசை.

ஹெரால்டு நம்மூர் வண்டி. மூலம் பிரிட்டனின் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்றாலும், 1961 முதல் சென்னையை ஒட்டிய வண்டலூர்ப் பக்கத்து ஆலையில் தயாரானது. 948 சிசி இன்ஜின். பானெட்டும் மட்கார்டும் ஒரே துண்டாக முன்னால் சாய்ந்து திறக்கும். முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு இன்ஜினில் வேலை பார்க்கலாம். பழுது பார்க்க இதைவிட வசதியான காரை நான் கண்டதில்லை.

ஊருக்குள் ஓட்டும்போது எந்தக் குறையும் தெரியாது. தாம்பரம் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் வேகம் பிடித்துக் கொஞ்ச தூரம் போனால் இன்ஜின் திணறும், வெட்டி வெட்டி இழுக்கும், அப்புறம் நின்றுவிடும். ஓரங்கட்டிச் சற்று நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும். சித்திரை வெயில். பார்த்தவர்கள் எல்லோரும் ‘வேப்பர் லாக்’ என்றார்கள். சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைத்துக்கொள்வது அது. பம்ப் மேல் ஈரத்துணியைச் சுற்றிப் பார்த்தோம். இன்னும் கொஞ்ச தூரம் கூடுதலாக ஓடியது. சரி, பம்ப்தான் காரணம் என்று முடிவாகி, ஒரு மெக்கானிக் புதிது மாட்டினார். நோய் இருந்த இடத்திலேயே இருந்தது.

பிறகு ஒரு பெரியவரிடம் போனேன். ஹெரால்டு ரோட்டில் நிறைந்திருந்த காலத்திலேயே அதில் கைவைத்தவர். “பம்ப்பு அனுப்புதான்னு எல்லாரும் பாத்தீங்க. அதுக்கு வருதான்னு யாருப்பா பாத்தது?” என்று கேட்டார்.

இந்தக் கேள்வி புரிய, பம்ப்பின் வேலை தெரிய வேண்டும். கேம் ஷாஃப்ட் ஒரு நெம்புகோலைத் தட்ட, அது உள்ளே இருக்கும் டயஃப்ரம் என்ற ரப்பர்த் தாளைக் கீழே இழுக்கும். அந்த இழுப்பில்தான் பின்னாலிருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோல் உறிஞ்சப்படுகிறது. டயஃப்ரத்தை மறுபடி மேலே தள்ளி கார்புரேட்டருக்கு அனுப்புவது கேம் அல்ல, அடியிலிருக்கும் ஒரு ஸ்பிரிங். ஆகவே அழுத்தம் என்பது ஸ்பிரிங்கின் பலம். அதுவும் பெரிய பலம் இல்லை, 2 பி.எஸ்.ஐ. அளவில் இருந்தால் இந்த வண்டிக்குப் போதும். டயரில் நாம் அடிக்கும் காற்றில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இவ்வளவு மென்மையான ஏற்பாட்டில், உறிஞ்சும் பக்கம் சின்னத் தடை வந்தாலும் டயஃப்ரத்துக்கு மேலே பெட்ரோல் சேராது. தள்ளுவதற்குச் சரக்கு இல்லாதபோது எந்த ஸ்பிரிங் போட்டு என்ன பயன்?

பெரியவர் பம்ப்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே ஒரு டி-பீஸ் போட்டு கேஜ் மாட்டினார். ஐடிலிங்கில் முள் சரியாக 2-இல் நின்றது. ஆக்சிலரேட்டரை ஏற்றிப் பிடிக்கச் சொன்னார். முள் மெல்ல இறங்க ஆரம்பித்தது. பம்ப்பின் தலையிலிருந்த கண்ணாடிக் கிண்ணத்தைப் பார்க்கச் சொன்னார். விளிம்புவரை நிற்க வேண்டிய பெட்ரோல் பாதிக்கு வந்திருந்தது. உள்ளே பொடிப்பொடியாகக் குமிழ்கள். இன்ஜினை நிறுத்தி ஆறவிட்டு, டேங்க் லைனைக் கழற்றி, புது ஹோஸ் ஒன்றை ஒரு கேனில் விட்டுப் பம்ப்புடன் இணைத்தார். கேனைச் சூடான பாகங்களுக்கு எட்டத்தில் தரையில் வைத்தார், பக்கத்தில் தீயணைப்பான். மறுபடி ஏற்றிப் பிடித்தேன். முள் அசையவில்லை.

அப்படியானால் குறை டேங்குக்கும் பம்ப்புக்கும் நடுவில். டேங்க் மூடியில் காற்று போகும் துளை அடைத்திருந்தாலும் இதே கோளாறு வரும். மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்று காற்றை உள்ளிழுத்தால் அதுதான். என் வண்டியில் மூடி நன்றாகவே இருந்தது. இரும்புக் குழாயையும் பம்ப்பையும் சேர்க்கும் சாண் நீள ரப்பர் ஹோஸைக் கழற்றி, பிளேடால் நீளவாக்கில் கிழித்தார். வெளியே பளபளப்பு, உள்ளே தோல் உரிந்து தொங்கியது. தடவினால் விரலில் மை மாதிரி கறுப்பு ஒட்டியது. உறிஞ்சல் கூடும்போது அந்தத் தோல் வாயை மூடிக்கொள்ளும், நின்றதும் விலகிவிடும்.

ஈரத்துணி ஏன் உதவியது என்பதும் அப்போதுதான் விளங்கியது. அடைப்புக்கு இந்தப் பக்கம் அழுத்தம் குறையக் குறைய பெட்ரோல் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். துணி அந்தக் கொதிப்பை மட்டும் தணித்தது. ஆவி நிஜம்தான், ஆனால் அது அடைப்பின் விளைவு.

இந்த இடத்தில் எலக்ட்ரிக் பம்ப் மாட்டச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ரெகுலேட்டர் இல்லாமல் 4, 5 பி.எஸ்.ஐ. தள்ளுகிற பம்ப்பை மாட்டினால் கார்புரேட்டரின் நீடில் வால்வு தாங்காது. பெட்ரோல் பொங்கிச் சூடான மேனிஃபோல்டில் வழியும். பழைய வண்டிகள் தீப்பிடிப்பதற்கு இதுவும் ஒரு வழி.

இப்போது பங்க்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. பழைய ரக ரப்பரை எத்தனால் ஊறவைத்து உரிக்கும். டயஃப்ரமும் ரப்பர்தான், அது கிழிந்தால் பெட்ரோல் ஆயிலில் இறங்கிவிடும். அவ்வப்போது டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் வண்டியை எடுக்காதீர்கள். கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித்தரும் சாதாரண டியூபை வாங்க வேண்டாம், எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸாகக் கேட்டு வாங்குங்கள். விலை சற்றுக் கூடுதல்தான், ஆனால் ஒரு புது பம்ப்பின் விலைக்கு அருகில்கூட வராது.