கெடார் பட்டறையில் ஒரு ஸ்டியரிங் பாக்ஸ்

பழைய பானட் லாரி ஒன்றை வாங்கி நடமாடும் புத்தகக் கடையாக மாற்ற வேண்டும் என்பது நண்பர் ஒருவரின் நெடுநாள் ஆசை. கூண்டு கட்டியாயிற்று, எஞ்சினும் ஓடுகிறது. ஸ்டியரிங்தான் தகராறு. கால் சுற்று சும்மா சுற்றிய பிறகே சக்கரம் அசைகிறது. சென்னை புதுப்பேட்டைக்குப் போய், உரித்த டாடா 407-இன் பவர் ஸ்டியரிங் பாக்ஸ் ஒன்றை வாங்கி வந்துவிட்டார். இதை மாட்ட முடியுமா என்று கேட்ட இடத்திலெல்லாம் "மாட்டிடலாம் சார்" என்றார்களாம். கெடாரில் ஒருவர் மட்டும், "வண்டியைக் கொண்டாங்க, பாத்துட்டுச் சொல்றேன்" என்றிருக்கிறார். அவரைப் பார்க்கவே நானும் கூடப் போனேன்.

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கிறது கெடார். சுற்றிலும் கரும்பு, நெல், மல்லாட்டை. தகரக் கொட்டகையில் ஒரு லேத்து, ஒரு வைஸ், சுவரோரம் அடுக்கிய பழைய கேசிங்குகள். மேஸ்திரிக்கு வயது அறுபதுக்கு மேல். பதின்மூன்று வயதில் விழுப்புரத்துப் பட்டறை ஒன்றில் எடுபிடியாகச் சேர்ந்தவர். டாடாவும் பென்ஸும் 1954-இல் கைகோத்து 1969-இல் பிரிந்தன. நட்சத்திரம் வைத்த அந்தக் காலத்து வண்டிகள் முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போன நாளில்தான் தொழில் கற்றேன் என்கிறார். எஞ்சின், கியர் எல்லாம் பார்த்திருக்கிறார். மனசு நின்றது ஸ்டியரிங் பாக்ஸில்.

ஸ்டியரிங் தண்டின் அடியில் மரை வெட்டிய வார்ம். அதன்மேல் பால் நட். இரண்டுக்கும் நடுவே வரிசையாக உருளும் இரும்புக் குண்டுகள். நட்டின் பல் செக்டர் ஷாஃப்டைத் திருப்ப, அதன் முனையில் தொங்கும் டிராப் ஆர்ம் முன்னும் பின்னும் ஆடும். அங்கிருந்து டிராக் லிங்க், பிறகு சக்கரம். விகிதம் 24-க்கு 1 என்றால், ஸ்டியரிங்கை ஒரு முழுச் சுற்று சுற்றினால் டிராப் ஆர்ம் 15 டிகிரிதான் நகரும். லாரிக்காரர் கை ஓயாமல் சுற்றுவது இதனால்தான். சுமை அந்த அளவுக்குக் குறைகிறது. வார்மின் மரை வலமா இடமா என்பதையும் பார்க்க வேண்டும். மாறிப்போனால் வலப்பக்கம் ஒடிக்க வண்டி இடப்பக்கம் போகும்.

407 பாக்ஸை மேஸ்திரி கையில் எடுக்கவே இல்லை. முதலில் லாரிக்கு அடியில் படுத்து டேப் வைத்து அளந்தார். வெளியே வந்து சிமென்ட் தரையில் ஆணி ஒன்றை நிறுத்தினார். அது முன் ஸ்பிரிங் பட்டையின் அசையாத கண். அங்கிருந்து அச்சு வரைக்கும் உள்ள நீளத்துக்குக் கயிறு, நுனியில் சாக்குக்கட்டி. இழுத்தார், ஒரு வில்கோடு விழுந்தது. "பள்ளத்துல எறங்குனா அச்சு இப்படித்தான் போவும்." அடுத்த ஆணி, பழைய பாக்ஸில் டிராப் ஆர்மின் பந்து இருக்கும் இடம். அங்கிருந்து டிராக் லிங்க்கின் நீளத்துக்கு இன்னொரு கோடு. இரண்டும் ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்தன. மூன்றாவது ஆணியை 407 பாக்ஸ் உட்காரக்கூடிய இடத்தில், அச்சுக்கு முன்னால் வைத்தார்.  அந்தப் பாக்ஸுக்கு அங்கேதான் இடம். இந்தக் கோடு எதிர்ப்பக்கம் வளைந்து விலகிப் போனது.

"இந்தச் சந்து இருக்குதே, அதான் சார் ஆக்சிடென்ட்டு. நீங்க ஸ்டியரிங்கப் புடிச்சிக்கினு நேரா போறீங்க. ஸ்பீட் பிரேக்கர் ஏறுனா சக்கரம் தானா ஒடியும்."

நண்பர் ஒன்றும் பேசவில்லை. எனக்கு அந்தத் தரையை விட்டுக் கண் எடுக்க முடியவில்லை. இணையத்தில் நாங்கள் துழாவிய படங்களும் பட்டியல்களும் சொல்லாததை ஒரு முழக் கயிறு காட்டிவிட்டது. பிறகு வெர்னியரை எடுத்து இரண்டு பாக்ஸின் செக்டர் ஷாஃப்டையும் அளந்தார். 407-இனுடையது மெலிசு. அந்த வண்டியின் முன் அச்சுச் சுமை வேறு, இந்தக் கிழட்டு வண்டியின் சுமை வேறு.

சரி, பழைய பாக்ஸையே சீர் செய்யலாமா? வார்மின் நடுப்பகுதி தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தது. ஓடுகிற நேரமெல்லாம் வண்டி பெரும்பாலும் நேராகத்தான் ஓடுகிறது, தேய்மானமும் நடுவில்தான். மேலே இருக்கும் திருகை இறுக்கினால் நடுவில் ஆட்டம் போய்விடும். ஆனால் தேயாத ஓரங்களில் பிடித்துக்கொள்ளும், வளைவில் ஒடித்த ஸ்டியரிங் திரும்பி வராது. ஆகவே பழையதும் ஆகாது. இதைச் சோதிக்க அவரிடம் இருப்பது மீன்காரர்கள் வைத்திருக்கிற கொக்கித் தராசு. ஸ்டியரிங் வட்டத்தில் கொக்கியை மாட்டி மெதுவாக இழுக்கிறார். நல்ல பாக்ஸில் நடுவுக்கு வரும்போது முள் கொஞ்சம் ஏறும், ஓரத்தில் இறங்கும். திருகை இறுக்கி ஏமாற்றிய பாக்ஸில் ஓரத்தில் ஏறும். பெரிய கம்பெனிகளின் சர்வீஸ் புத்தகங்களிலும் இதே சோதனைதான். ஒரு பாக்ஸைச் சீர் செய்வதென்றால் பேரிங் கப்பை அழுத்துவது, சீல் மாற்றுவது, ஒரே அளவுக் குண்டாகப் பொறுக்குவது எல்லாம் உண்டு. அவற்றை விவரிக்கப் போவதில்லை.

டிராப் ஆர்மைக் கையில் எடுத்தபோது அவர் குரல் மாறியது. வெல்டு வைத்த டிராப் ஆர்மோடு ஓடிய லாரி ஒன்று ஏரிக்கரைச் சாலையில் ஆர்ம் முறிந்து தண்ணீரில் இறங்கியதாம். ஓட்டியவர் அவருடைய மச்சான். அன்றிலிருந்து ஸ்டியரிங் சாமானில் வெல்டிங் பொறி பட்டிருந்தால் தொடமாட்டார். ஸ்ப்ளைன் பற்கள் நேராக இருக்கின்றனவா, ஒரு நூல் முறுக்கியிருக்கின்றனவா என்று வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

இவ்வளவுக்கும் கூலி, நாள் கூலியைவிடச் சற்று அதிகம். உரிக்கிற வண்டியைக் கிலோ கணக்கில் இரும்பு விலைக்கு எடுத்து, உருப்படிக் கணக்கில் விற்கிற தரகர்கள் இருக்கிறார்கள். ஆட்டம் தெரியாமல் திருகை இறுக்கி, எண்ணெய்க்குப் பதில் கிரீஸை அடைத்து, வெளியே பெயின்ட் அடித்து "கண்டிஷன் பாக்ஸ்" என்கிறார்கள். விண்டேஜ் மோகம் வந்தபின் இன்னொரு கூட்டமும் சேர்ந்திருக்கிறது. இவரைப் போன்றவரிடம் ரிப்பேர் செய்து வாங்கி, தன் ஸ்டிக்கரை ஒட்டி, நகரத்து ஆசாமியிடம் பல மடங்குக்குத் தள்ளிவிடுகிறது. பிரேக்குக்கு அடுத்து உயிரைப் பிடித்திருக்கும் சாமான் இது. இதில் பொய் சொல்கிறவரை வியாபாரி என்று எப்படிச் சொல்வது? உழைத்தவருக்குப் போக வேண்டிய பணம் பாதி வழியில் நின்றுவிடுகிறது என்பது ஒரு அநியாயம். வாங்கியவர் நம்பிக்கையோடு நெடுஞ்சாலையில் ஏறுகிறார் என்பது அதைவிடப் பெரிய அநியாயம்.

சட்டமும் லாரிக்குத் துணையாக இல்லை. 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு விதி 50 வயது கடந்த இருசக்கர வண்டிக்கும் காருக்கும்தான். எட்டு வயது தாண்டிய சரக்கு வண்டி ஆண்டுதோறும் எஃப்.சி. காட்டியாக வேண்டும். கெடாரிலிருந்து விழுப்புரம் தாண்டிப் புதுச்சேரி சாலையில் போனால், திருபுவனையில் ராணே ஆலை ஸ்டியரிங் பாகங்கள் செய்கிறது. ஆலைகள் இன்றைய வண்டிக்குச் செய்கின்றன, அது இயல்புதான். நேற்றைய வண்டிக்கு இந்தத் தகரக் கொட்டகைதான் கதி.

கடைசியில் மேஸ்திரி சுவரோர அடுக்கிலிருந்து ஒன்றை இழுத்தார். லாரி செய்த அதே கம்பெனி, பின் வருஷத்து வண்டி, பவர் இல்லாத கை பாக்ஸ். போல்ட் ஓட்டைகள் ஒத்துப்போயின, மரை ஒத்துப்போனது, டிராப் ஆர்மின் பந்து இரண்டாவது ஆணி இருந்த இடத்திலேயே வந்து நின்றது. கனமாகத்தான் இருக்கும் என்று முன்கூட்டியே சொன்னார். பெரிய வட்ட ஸ்டியரிங்காகத் தேடுங்கள், டயரில் காற்று குறையவிடாதீர்கள், கிங் பின்னுக்கு கிரீஸ் தவறவிடாதீர்கள் என்றார். 407 பாக்ஸைப் புதுப்பேட்டைக்காரர் திருப்பி எடுக்கமாட்டார். அதையும் 407 வைத்து ஓட்டும் காய்கறி வியாபாரி ஒருவருக்குக் கைகாட்டிவிட்டார்.

கிங் பின்னும் புஷ்ஷும் இன்னும் பாக்கி. தீபாவளிக்கு வண்டி வேண்டும் என்றார் நண்பர். "பொங்கலுக்கு எடுத்துக்குங்க சார்" என்று சொல்லிவிட்டு, மேஸ்திரி மறுபடியும் லாரிக்கு அடியில் போய்ப் படுத்தார்.