ஹார்பினில் எட்டாம் இடம்

பிப்ரவரி 13, 2025, வியாழன்
கும்மிடிப்பூண்டி

ஹார்பினில் ஆசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டியின் பெண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங் இன்று முடிந்தது. கொரியாவின் கிம் சே-யோன் தங்கம் வென்றார். மூன்று முறை உலகச் சாம்பியனான ஜப்பானின் சகாமோட்டோவுக்கே வெள்ளிதான். இப்படிப்பட்ட களத்தில் நம் தாரா பிரசாத் எட்டாவது. நாளைய தாள்களில் இதற்கு நாலு வரி கிடைத்தால் அதிகம். எனக்கோ மனசு நிறைந்திருக்கிறது.

தாரா 2000-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பிறந்தவர். தமிழ்நாட்டிலிருந்து போன குடும்பம். 2019-இல் இந்தியக் குடியுரிமை பெற்றார். நம் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. பிறந்த நாட்டின் பாஸ்போர்ட்டை விட்டுக்கொடுத்தால்தான் இந்தியக் குடியுரிமை கைக்கு வரும். 2022-லும் 2023-லும் தேசியச் சாம்பியன் ஆனார். பயிற்சி மட்டும் இன்னும் அமெரிக்காவில். இந்தியாவின் சாம்பியனுக்கு இந்தியாவில் ஆண்டு முழுக்கப் பழக முழு அளவுப் பனித்தளம் இல்லை என்பதுதான் இதன் பொருள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஃபிகர் ஸ்கேட்டிங் வீடியோவில் ஒரு தாவலை மெதுவாக ஓடவிட்டுத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். காற்றில் இருப்பது ஒரு நொடிகூட இல்லை. அதற்குள் உடம்பு சுழன்று முடிக்க வேண்டும். இறங்குவது ஒற்றைக் காலில், பின்னோக்கி, பிளேடின் வெளிவிளிம்பில். அந்த விளிம்பு பனியைக் கவ்வ வேண்டும். அதனால் ஃபிகர் ஸ்கேட்டிங்குக்குப் பனியை மைனஸ் 3, 4 டிகிரியில் சற்று இளக்கமாக வைப்பார்கள். ஐஸ் ஹாக்கிக்கு இன்னும் இறுக்கமாக.

ஐஸ் பிளான்டில் வேலை பார்க்கிற எனக்கு இது அந்நிய விஷயமாகப் படவில்லை. அம்மோனியா கம்ப்ரசர் உப்புத்தண்ணீரைக் குளிர்விக்கிறது. அதில் கேன்களை இறக்கினால் பார் ஐஸ் உறைகிறது. பழவேற்காட்டு மீனோடும் இறாலோடும் லாரி ஏறுகிறது. ஸ்கேட்டிங் தளத்திலும் இதே வேலைதான். கான்கிரீட்டுக்குள் பதித்த குழாய்களில் குளிர்ந்த திரவம் ஓடும். மேலே தண்ணீரை மெல்லிய படலங்களாக விட்டு விட்டு உறைய வைப்பார்கள். மொத்தக் கனம் சில சென்டிமீட்டர்தான். பக்கத்து ஆலைகளில் பழைய இரும்பை உருக்கி முறுக்குக் கம்பி இழுக்கிற இதே சிப்காட் தொழிற்பேட்டையில்தான் நாங்கள் ராத்திரி ஷிப்டிலும் குளிரை உண்டாக்குகிறோம். இங்கே பனித்தளம் இல்லாததற்கு வெயில் ஊர் என்பது ஒரு காரணமே இல்லை.

ஆகஸ்ட் 23, சனி

டேராடூனில் ஆசிய ஓபன் ஷார்ட் டிராக் ஐஸ் ஸ்கேட்டிங் போட்டி நடந்து முடிந்திருக்கிறது. அந்த உள்ளரங்கப் பனித்தளம் 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காகக் கட்டியது. போட்டி முடிந்ததும் பராமரிக்க வழியில்லாமல் பல வருஷம் பூட்டிக் கிடந்தது. இப்போதுதான் சீர்செய்து திறந்திருக்கிறார்கள்.

மெஷினை நிறுத்தினால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். பனி உருகுவது முதல் நஷ்டம். அடுத்து சீல் காய்ந்துபோகும், குழாய் அரிக்கும், பழகிய ஆபரேட்டர் வேறு வேலைக்குப் போய்விடுவார். அந்தப் பூட்டிய வருஷங்களில் எட்டு வயதில் தொடங்கியிருக்க வேண்டிய பிள்ளைகள் வளர்ந்தே போனார்கள். அவர்களை எந்த நிதியாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

செப்டம்பர் 15, திங்கள்

இன்று சீனாவின் பெய்தாய்ஹேயில் சென்னையைச் சேர்ந்த நம் ஆனந்த்குமார் வேல்குமார் 1000 மீட்டரில் உலகச் சாம்பியன்! ரோலர் ஸ்பீடு ஸ்கேட்டிங்கின் சீனியர் பிரிவில் இந்தியாவுக்கு இதுவே முதல் உலகப் பட்டம். சக்கரத்தில் ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்கிலும் நாம் சளைத்ததில்லை. 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் ஹைதராபாத்தின் அனூப் குமார் யாமா இரண்டு வெண்கலம் வாங்கினார்.

சக்கரத்துக்கு சிமென்ட் தளம் போதும். அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் சென்னைப் பையன் உலகச் சாம்பியன் ஆனான். பனித்தளம் எட்டாத தூரத்தில் இருப்பதால் அந்த வழி தாராவைப் போன்ற ஒரு சிலருக்குத்தான் திறக்கிறது. திறமையில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. திருவள்ளூர்ப் பெண்பிள்ளைகள் சக்கரம் கட்டி ஒற்றைக் காலில் சுழல்வதைப் பார்த்தவர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

அரசு சென்னையை ஒட்டி ஒரு பனித்தளம் கட்டட்டும். கட்டும்போதே அதன் கரண்ட் பில்லுக்கும் ஆபரேட்டர் சம்பளத்துக்கும் வருஷா வருஷம் பணம் ஒதுக்கி வைக்கட்டும். மெஷினைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறோம்.