பேர்லயே நோவு இருக்கு

மொதல்லயே சொல்லிடறேன், இது கார் வாங்கின பெருமைப் பீத்தல் இல்லை. சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கிட்ட ஒருத்தனோட வாக்குமூலம். பழைய அமெரிக்க வண்டி ஒண்ணு வாங்கி, கொஞ்சம் காசுல வேகமாக்கலாம்னு உங்கள்ல யாராவது யோசிச்சுக்கிட்டு இருந்தா ஒரு அஞ்சு நிமிஷம் உக்காந்து படிச்சுட்டுப் போங்க.

நான் இருக்கறது டெட்ராய்ட் பக்கம். இந்த ஊருக்குப் பொட்டி தட்ட வந்தவனுக்குக் கார் கிறுக்குப் பிடிக்காம இருந்தாத்தான் அதிசயம். இங்க வுட்வர்ட் அவென்யூன்னு ஒரு ரோடு. 1960கள்ல பசங்க சிக்னலுக்குச் சிக்னல் ரேஸ் விட்ட ரோடு அது. 1995லேர்ந்து வருஷா வருஷம் ஆகஸ்ட்ல 'ட்ரீம் குரூஸ்'னு பழைய வண்டிகளோட ஊர்வலம் நடக்குது. வந்த மொத வருஷமே ரோட்டோரமா மடக்கு நாற்காலி போட்டு உக்காந்து பாத்தேன். ஜி.டி.ஓ., செவெல், சேலஞ்சர்னு வரிசையா வருது. வி8 சத்தம் காதுல கேக்காது, அடிவயித்துல கேக்கும். அன்னிக்கே முடிவு பண்ணியாச்சு.

ஜி.டி.ஓ. வாங்கற அளவுக்கு நம்ம பாக்கெட் கிடையாது. மாட்டினது 1972 செவர்லே நோவா. 350 கியூபிக் இன்ச் எஞ்சின், ரெண்டு பேரல் கார்புரேட்டர், ஆட்டோமேட்டிக் கியர், நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். ஆச்சாரம் பாக்கறவங்க இதை மசில் காருன்னே ஒத்துக்க மாட்டாங்க. "பேர்லயே நோவு இருக்கே, தெரிஞ்சுதான் வாங்கினீங்களா?"ன்னு தங்கமணி கேட்டாங்க. நான் பதில் சொல்லலை.

இந்த எஞ்சின் பத்தி ஒரு வேடிக்கை. 1971ல இதுக்குப் போட்ட கணக்கு 245 குதிரைசக்தி. 1972ல 165. நடுவுல 80 குதிரை எங்க ஓடிப்போச்சுன்னு கேக்கறீங்களா? எங்கயும் போகலை. முன்னாடியெல்லாம் ஏர் ஃபில்டர், வண்டியோட எக்ஸாஸ்ட் எதுவும் இல்லாம எஞ்சினைத் தனியா மேடையில ஓட்டி அளப்பாங்க. அது 'கிராஸ்' கணக்கு. 1972லேர்ந்து எல்லாத்தையும் மாட்டி அளந்த 'நெட்' கணக்கு. ஆஃபர் லெட்டர்ல இருக்கற சி.டி.சி.க்கும் மாசக் கடைசியில கைக்கு வர்றதுக்கும் இருக்கற வித்தியாசம்தான், நமக்குச் சொல்லியா தரணும்?

சரி, பட்ஜெட் 3000 டாலர். ஒரு எக்செல் ஷீட் போட்டேன். அதுல மொத வரியா என்ன போட்டிருக்கணும், நான் என்ன போட்டேன்கறதுதான் இந்தக் கதையே.

நான் போட்டது கேம் ஷாஃப்ட். காரணம் கேட்டா சிரிப்பீங்க. சத்தம். பெரிய கேம் போட்ட வண்டி சிக்னல்ல நிக்கும்போது 'லொபக் லொபக்'னு நொண்டி அடிக்கும் பாருங்க, அதுக்கு மயங்கிட்டேன். என் வண்டியில கம்பெனி போட்ட கேம் இன்டேக் வால்வைத் திறந்து வைக்கற அளவு, 0.050 இன்ச் லிஃப்ட்ல அளந்தா 195 டிகிரி. நான் வாங்கினது 240. பெருசுன்னா நல்லதுதானேன்னு நெனச்சேன். பி.இ.யில தெர்மோடைனமிக்ஸ் படிச்ச பய!

ரெண்டு வாரக் கடைசி கராஜ்ல கிடந்து மாட்டி, ஸ்டார்ட் பண்ணினா சத்தம் அமிர்தம். ஓட்டினா மாட்டுவண்டி. இன்டேக் வால்வு லேட்டா மூடறதால, மெதுவா சுத்தும்போது சிலிண்டருக்குள்ள வந்த கலவையில கொஞ்சம் வந்த வழியே திரும்பிப் போயிடுது. ஏற்கெனவே 8.5 கம்ப்ரஷன். அதுலயும் ஓட்டை. 3000 ஆர்.பி.எம்.முக்குக் கீழ இருந்த இழுவையெல்லாம் காலி, அதுக்கு மேல போக என் பின்பக்க கியரும் கன்வெர்ட்டரும் விடாது. ஆபீஸ்ல ஜூனியர் பசங்ககிட்ட "எங்க அடைக்குதுன்னு அளக்காம கோடைத் தொடாதே"ன்னு கிளாஸ் எடுக்கற ஆள் நான்.

மெதுவாப் போனா போவுதுன்னு விட்டுடலாம். விட முடியாத விஷயம் வேற. பவர் பிரேக்குக்குப் பலம் குடுக்கறதே எஞ்சின் இழுக்கற வேக்குவம்தான். கேம் மாத்தறதுக்கு முன்னாடி ஐடில்ல கேஜ் 19 இன்ச் காட்டுச்சு. மாத்தின அப்புறம் 10. அந்த நம்பரைப் பாத்தேன், நோட்டுல எழுதி வெச்சேன், அதோட அர்த்தம் என்னன்னு யோசிக்கலை.

அப்பதான் அப்பா ஊர்லேர்ந்து வந்திருந்தார். அரசு பஸ்ல 31 வருஷம் டிரைவரா இருந்தவர். போன ஆகஸ்ட் குரூஸ் அன்னிக்கு சாயங்காலம் அவரைப் பக்கத்துல உக்கார வெச்சு வுட்வர்ட்ல ஏத்தினேன். கூட்டம்னா கூட்டம். தேர் மாதிரி நகந்து நகந்து நிக்கணும். வண்டி ஆஃப் ஆகாம இருக்க ஐடிலை வேற 1000க்கு ஏத்தி வெச்சிருந்தேன், அதனால டிரைவ்ல போட்டா அதுபாட்டுக்கு முன்னாடி தள்ளுது. பிரேக்கை மிதிச்சு மிதிச்சு விட, பூஸ்டர்ல இருந்த கொஞ்ச நஞ்ச வேக்குவமும் தீந்துபோச்சு. ஃபெர்ண்டேல்ல 9 மைல் ரோடு கிட்ட, ஒருத்தர் தோள்ல குழந்தையைத் தூக்கிக்கிட்டு வண்டிகளுக்கு நடுவுல குறுக்க வர்றார். மிதிச்சேன். பெடல் கல்லு மாதிரி நின்னுச்சு. வண்டி நிக்கலை.

ரெண்டு காலாலயும் ஏறி மிதிச்சதுல எப்படியோ நின்னுச்சு. ஒரு முழம் இடைவெளி இருந்திருக்கும். அவர் பானெட்டை ஒரு தட்டு தட்டிட்டுச் சிரிச்சுக்கிட்டே போனார். அவருக்கு எதுவும் தெரியாது. நான் திரும்பி அப்பாவைப் பாத்தேன். அவரோட வலது கால் தரையை அழுத்திக்கிட்டு இருந்துச்சு. இல்லாத பிரேக் பெடலை. வீடு வர்ற வரைக்கும் அந்தக் காலை எடுக்கலை.

திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். ஒண்ணும் சொல்லலை. மறுநாள் கோயிலுக்குக் கிளம்பும்போது நான் நோவா சாவியை எடுத்ததும், "கேம்ரியிலயே போயிரலாம்ப்பா"ன்னார். ஊருக்குத் திரும்பற வரைக்கும் அந்த வண்டியில அவர் ஏறவே இல்லை.

இப்ப எக்செல் ஷீட்டை மொத வரியிலேர்ந்து திரும்பப் போட்டாச்சு.

முன்னாடி டிஸ்க் பிரேக். நம்ம நல்ல நேரம், 1968லேர்ந்து 74 வரைக்கும் வந்த நோவாவும் 1967-69 கமாரோவும் முன்பக்கத்துக்கு அண்ணன் தம்பி. கமாரோவுக்குக் கிட் செய்யாத கடை இல்லைங்கறதால விலையும் கட்டுப்படியாகுது. டிஸ்கோட மாஸ்டர் சிலிண்டரும் ப்ரொபோர்ஷனிங் வால்வும் சேத்து மாத்தணும். பழைய டிரம் மாஸ்டர் சிலிண்டரை அப்படியே விட்டா, அது லைன்ல கொஞ்சம் அழுத்தத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். பேட் டிஸ்கை உரசிக்கிட்டே இருக்கும். இதுல கஞ்சத்தனம் பண்றதா இல்லை.

அடுத்து அந்தக் கேமைக் கழட்டிட்டு 204/214 டிகிரியில சாதுவான ஒண்ணு. சத்தம் போயிடும், போகட்டும். புதுக் கேமுக்குப் பழைய லிஃப்டரைப் போடக் கூடாது, துத்தநாகச் சத்து இருக்கற எண்ணெய் வேணும், மொதத் தடவை ஸ்டார்ட் பண்ணினதும் ஐடில்ல விடாம 2000 ஆர்.பி.எம்.முக்கு மேல வெச்சு 20 நிமிஷமாவது ஓட்டணும். இல்லைன்னா கேம் முனை தேஞ்சு எஞ்சின் பூரா இரும்புத்தூள்.

பாயிண்ட்ஸை எடுத்துட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன். அதுக்கு முழு 12 வோல்ட் வேணும், பழைய பாயிண்ட்ஸ் ஒயர் மின்தடை ஒயர், அதுல குடுத்தா வேலைக்காகாது. அப்புறம் நாலு பேரல் இன்டேக்கும் கார்புரேட்டரும். 750, 850னு ஆளாளுக்கு அடிச்சு விடுவாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க: 350ஐ 5500 ஆர்.பி.எம்.மால பெருக்கி 3456ஆல வகுத்தா 557 சி.எஃப்.எம்., அதுலயும் சாதா எஞ்சின் 85 சதவீதம்தான் நிரம்பும்னா 473. 600 கார்புரேட்டரே தாராளம்.

காசு மிஞ்சினா வோர்டெக் ஹெட்ஸ். 1996லேர்ந்து வந்த ஜி.எம். டிரக்குகள்ல இருக்கற இரும்பு ஹெட், காயலாங்கடையில கிடைக்கும், விரிசல் இருக்கான்னு பாத்து வாங்கணும். அறை சின்னதுங்கறதால கம்ப்ரஷனும் ஏறும். ஆனா அதுக்கு இன்டேக் போல்ட் அமைப்பே வேற. அதனால இப்ப இன்டேக் வாங்கினா அப்ப இன்னொண்ணு வாங்கணும். இந்த ஒரு இடத்துலதான் முட்டிக்கிட்டு நிக்கறேன். விஷயம் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்கப்பா.

பிரேக் கிட் போன செவ்வாய்க்கிழமை வந்துச்சு. அப்பாவுக்கு ஜூன் மாசம் டிக்கெட் போட்டிருக்கு. நேத்து போன்ல பேசும்போது பொதுவாச் சொல்ற மாதிரி, "முன்னாடி டிஸ்க் போடறேன்ப்பா"ன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "பின்னாடி டிரம்முல லைனிங் எவ்வளவு இருக்குன்னு பாத்தியா?"ன்னு கேட்டார்.

பாக்கலை. சனிக்கிழமை கழட்டணும்.