மூவாயிரம் ரூபாய்ப் பலகை

கணிப்பொறியில் சித்திரம் வரைவதற்கென்று விற்கிற பலகைகளின் விளம்பரங்களில் 8192 என்ற எண் பிரமாதமாக அடிபடுகிறது. பேனாவை அழுத்த அழுத்தக் கோடு தடிக்கும். அந்த அழுத்தத்தில் அத்தனை படிகளாம். மூவாயிரம், நாலாயிரம் ரூபாய்ப் பலகையிலும் இப்போது அதே எண்தான். திரையின்மேலேயே வரையும் உயர்ந்த ரகமோ முப்பதாயிரத்தைத் தாண்டிவிடும்.

பட்டுப் புடவைக்கு டிசைன் போடுகிறவருக்கு இந்த 8192 எதற்கு? லியோன் நகரத்து ஜக்கார்டு 1804-இல் அமைத்த யந்திரத்தின் வாரிசுதான் இன்றும் காஞ்சீபுரத்துத் தறிகளின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. அட்டையில் துளை இருந்தால் பாவு இழையைத் தூக்கும், இல்லாவிட்டால் விட்டுவிடும். வேறு பாஷை அதற்குத் தெரியாது. அட்டையில்லாத மின்னணு ரகம் வந்த பிறகும் கேள்வி அதேதான். யாளியின் பிடரிக்கு எத்தனை நயமாக நிழல் தீட்டினாலும், கடைசியில் கட்டம் நிரம்பியதா, காலியா என்பதே கணக்கு.

பிள்ளையார்பாளையத்தில் எனக்குத் தெரிந்த நெசவாளி ஒருவரின் மகள் டிசைன் போடக் கற்றுக்கொள்கிறாள். கைலாசநாதர் கோயில் யாளிகளைப் பார்த்து நோட்டு நிறைய வரைந்து வைத்திருக்கிறாள். முப்பதாயிரம் என்றால் தகப்பனாருக்குப் பல புடவைகளின் கூலி. மூவாயிரத்தைப் போட்டு அதுவும் வீணாகிவிட்டால் என்ன செய்வது என்றும் பயம். சிநேகிதியிடம் இரவல் வாங்கிய மலிவுப் பலகையில் அந்தப் பெண் ஒரு வட்டம் போட்டாள். திரையில் முட்டை வந்தது.

"பார்த்தீங்களா ஸார், மட்டச் சரக்கு!" என்றார் அவர்.

சரக்கின்மேல் குற்றமில்லை. பலகையின் நீள அகலமும் திரையின் நீள அகலமும் ஒரே விகிதத்தில் இல்லாவிட்டால் அப்படித்தான் ஆகும். பலகையோடு வரும் மென்பொருளில் விகிதத்தைச் சரிசெய்ததும் வட்டம் வட்டமாயிற்று. நான் விளக்க வாயெடுக்குமுன் அவருக்கே புரிந்துவிட்டது. அங்குலத்துக்கு எத்தனை பாவு, எத்தனை ஊடை என்று பார்க்காமல் கட்டத்தாளில் மாங்காய் போட்டால் தறியில் அது நசுங்கியோ நீண்டோதான் வரும். அது அவருக்குப் பழகின விஷயம்.

கை மேஜையிலும் கண் திரையிலும் இருப்பது சில வாரங்களுக்குத் தடுமாற்றந்தான். மிதியைக் குனிந்து பார்த்தா அவர் நெய்கிறார்?

நாளெல்லாம் உருவச் சித்திரம் தீட்டிப் பிழைக்கிறவர்களுக்குத் திரைப்பலகை சௌகரியம் என்பதை நான் மறுக்கவில்லை. மற்றவர்கள் கடையிலேயே ஒரு சாய்கோட்டை மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். அடிமட்டம் வைத்து இழுத்தும் கோடு நடுங்கினால் அந்தப் பலகை வேண்டாம். இலேசாகத் தொட்டதும் கோடு விழ வேண்டும். அழுத்தினால்தான் விழுமென்றால் கை ஓய்ந்துவிடும். பேனா முனை தேயக் கூடியது. மாற்று முனை கிடைக்குமா என்றும் கேட்டுக்கொள்ளலாம். வரைவதற்குக் கிரீட்டா என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

இத்தனையும் தேறினால் மூவாயிரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொன்னேன். மேற்கொண்டு பணம் புரட்ட முடிந்தால், அந்தப் பெண் போட்ட யாளிக்கு அட்டை அடித்து ஒரு முழமாவது நெய்து காட்டட்டும். திரையில் அழகாய் நிற்கிற யாளி பட்டில் எப்படி நிற்கிறது என்பதை அவள் இன்னும் பார்த்ததில்லை.