பெல்மான்ட் சாலையிலிருந்து எங்கள் பேஸ்மென்ட் வரை

சிகாகோ என்றதும் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது 1893-இல் விவேகானந்தர் ஆற்றிய உரை. அடுத்து லெமாண்ட் ராமர் கோயில், அரோரா பாலாஜி கோயில். ஜனவரிக் குளிரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் இந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. பதினோரு வருஷமாக இங்கே குப்பை கொட்டுகிற எனக்கே அது போன வருஷம்தான் தெரிய வந்தது. பின்பால் இயந்திரங்களின் தாய்வீடு இது.

பின்பால் என்றால் என்னவென்று உங்கள் பிள்ளைகளிடம் கேட்டால் ஐபேடைக் காட்டுவார்கள். நான் சொல்வது நிஜ இயந்திரத்தை. நான்கு கால்கள், சாய்வான பலகை, மேலே கண்ணாடி, உள்ளே ஓடும் இரும்புக் குண்டு, அதைத் திருப்பி அடிக்க இரண்டு ஃபிளிப்பர். ஆணி அடித்த பலகையில் குண்டு உருட்டும் பாகட்டெல் விளையாட்டை ஊரில் சிலர் பார்த்திருப்பீர்கள். அதன் பெரிய அண்ணன்தான் இது.

என் பத்து வயது மகளுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது புரூக்ஃபீல்டில் உள்ள கேலோப்பிங் கோஸ்ட் ஆர்கேடில். ஒரு தடவை நுழைவுக் கட்டணம் கட்டினால் நாள் முழுக்க ஆடலாம். வெளியே வரும்போது கேட்டாள்: "அப்பா, இது மாதிரி ஒண்ணு நம்ம வீட்ல வெச்சா நான் ஐபேட் கேக்கவே மாட்டேன்." அந்த வாக்குறுதியை நானும் என் மனைவியும் நம்பவில்லை. ஆனாலும் நான் தேட ஆரம்பித்தேன்.

ஊருக்குள் ஒரு சுற்று

தேடலின் சாக்கில், தமிழ்ப் பள்ளி முடிந்த கையோடு சனிக்கிழமைகளில் ஊர் சுற்றினோம். டேவிட் காட்லீப் 1931-இல் 'பேஃபிள் பால்' என்ற இயந்திரத்தைச் செய்து விற்றது இந்த ஊரில்தான். அடுத்த வருஷம் வந்த 'பாலிஹூ' என்ற இயந்திரத்தின் பெயரிலிருந்துதான் பாலி நிறுவனத்துக்கே பெயர் வந்தது. ஃபிளிப்பர் வந்தது 1947-இல், காட்லீபின் 'ஹம்ப்டி டம்ப்டி'யில். அதற்கு முன் குண்டை உள்ளே விட்டால் கடவுள் விட்ட வழிதான். அதனால்தான் இதைச் சூதாட்டம் என்றார்கள். நியூயார்க் 1942-இல் தடை செய்தது. 1976-இல் ரோஜர் ஷார்ப் என்பவர் நகர மன்றக் குழுவின் முன்னால் நின்று, குண்டு எங்கே போகும் என்று முன்கூட்டியே சொல்லி அடித்துக் காட்டி, இது அதிர்ஷ்டமில்லை, திறமை என்று நிரூபித்தார். இயந்திரங்களைச் செய்து ஊருக்கெல்லாம் அனுப்பிய சிகாகோவிலேயே பல பத்தாண்டுகள் தடை இருந்தது என்பதுதான் வேடிக்கை.

பாலி நிறுவனம் பெல்மான்ட் சாலையில் இருந்தது. அங்கிருந்து நடந்தே போகிற தூரத்தில், கலிஃபோர்னியா அவென்யூவில், அதன் போட்டியாளரான வில்லியம்ஸ். காரிலிருந்து பார்த்தால் சாதாரண நகரத் தெருக்கள்தான். "இங்கயா செஞ்சாங்க?" என்று மகள் நம்பாமல் கேட்டாள். வில்லியம்ஸ் 1999-இல் பின்பால் செய்வதை நிறுத்திவிட்டது. இன்று பெரிய அளவில் செய்யும் ஸ்டெர்ன் நிறுவனம் ஓஹேர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் எல்க் குரோவ் வில்லேஜில் இருக்கிறது. அவர்களுடைய புது இயந்திரத்தின் ஆரம்ப விலையே ஏழாயிரம் டாலர் அளவில். அதைக் கேட்டதும் என் மனைவி சொன்னது: "பழசே பாருங்க."

பழசில் மூன்று வகை

பழைய பின்பாலை மூன்று தலைமுறையாகப் பிரிக்கலாம். 1970களின் நடுப்பகுதி வரை வந்தவை சுருள், ரிலே, மோட்டாரில் ஓடுபவை. மணிச்சத்தம் கேட்கவே இனிமை. 1977 வாக்கில் சிப் வைத்தவை பரவலாயின. 90களில் வந்தவைதான் இன்று எல்லோரும் தேடுபவை. 1992-இல் வந்த 'ஆடம்ஸ் ஃபேமிலி' 20,270 இயந்திரங்கள் விற்றும் இன்றுவரை விலை இறங்கவில்லை.

நான் நடு வகையைத் தேர்ந்தெடுத்தேன். குறிப்பாக, பாலியின் 'எயிட் பால்', 1977. பில்லியர்ட்ஸ் கருப்பொருள். 20,230 செய்தார்கள். 'ஆடம்ஸ் ஃபேமிலி' வரும்வரை அதுதான் சாதனை. நிறையச் செய்ததால் விலை நியாயம், உதிரிப் பாகமும் கிடைக்கும். உள்ளே மோட்டோரோலா 6800 சிப். மென்பொருள்காரனுக்கு அதுவே ஒரு ஆசை.

விலை பார்ப்பதில் ஒரு விஷயம். விளம்பரத்தில் கேட்கிற விலை வேறு, கடைசியில் விற்ற விலை வேறு. நான் விற்று முடிந்தவற்றை மட்டும் ஒரு ஸ்பிரெட்ஷீட்டில் போட்டு வைத்தேன். நல்ல நிலையில் ஓடுகிற 'எயிட் பால்' நான்கு கிடைத்தன. 1,400 முதல் 1,800 டாலர் வரை போயிருந்தன.

பெர்வினில் ஒரு பேஸ்மென்ட்

சிகாகோவை ஒட்டி மேற்கே இருக்கும் பெர்வின், வரிசை வரிசையாக ஒரே சாயலில் நிற்கும் செங்கல் பங்களாக்களுக்குப் பேர்போனது. அப்படி ஒரு வீட்டில், எண்பது வயதை ஒட்டிய ஒரு அம்மா விளம்பரம் கொடுத்திருந்தார். கணவர் இறந்து இரண்டு வருஷம். வீட்டை விற்கிறார். "சில நேரம் ஓடும்" என்று எழுதி, 500 டாலர் கேட்டிருந்தார்.

டார்ச்சும் மகளுமாகப் போனேன். முதலில் பார்க்க வேண்டியது நிமிர்ந்து நிற்கும் ஓவியக் கண்ணாடியை. ஓவியம் உட்பக்கத்தில் பூசியிருக்கும். ஈரமான பேஸ்மென்ட்டில் செதில் செதிலாக உரியும், திரும்ப ஒட்ட முடியாது. இது முழுசாக இருந்தது. அடுத்து பலகை. குண்டு அதிகம் ஓடும் இடத்தில் பெயின்ட் தேய்ந்து மரம் தெரிகிறதா? ஓர் இடத்தில் மட்டும், கட்டைவிரல் அளவுக்கு.

மூன்றாவதுதான் முக்கியம். இந்தக் கால பாலி போர்டுகளில் மதிப்பெண்ணை ஞாபகம் வைக்க ஒரு சின்ன பேட்டரியைப் பற்றவைத்திருப்பார்கள். வருஷக்கணக்கில் விட்டால் அது கசிந்து சுற்றியுள்ள செம்புக் கோடுகளை அரித்துவிடும். பெட்டியைத் திறந்து பார்த்தேன். பச்சை பூத்திருந்தது. அதனால்தான் "சில நேரம்" ஓடியிருக்கிறது. மாற்று போர்டு, மங்கிப்போன ஒரு டிஸ்பிளே, ரப்பர் வளையங்கள் எல்லாம் சேர்த்து எனக்கு 500 டாலர் வரை ஆகும். 1,600-இல் அதைக் கழித்தால் 1,100.

அவர் கேட்பது 500.

மகள் என் காதில் மெல்லக் கேட்டாள்: "அப்பா, அந்தப் பாட்டிக்கு இதோட விலை தெரியாதா?"

நம் ஆட்கள் பாண்டி பஜாரில் பாதி விலைக்குக் கேட்டு வளர்ந்தவர்கள். குறைவாகச் சொன்னால் மகிழ்ச்சியாக வாங்கிக்கொண்டு போவதுதான் வழக்கம். வெளியே வந்து நண்பனுக்கு ஃபோன் போட்டேன். "அவங்க கேட்டாங்க, நீ குடுக்கப் போற. இதுல என்னடா தப்பு?" என்றான். சட்டப்படி ஒரு தப்பும் இல்லை. கடைக்காரரிடம் என்றால் நானும் வாயை மூடிக்கொண்டிருப்பேன். அவருக்கு விலை தெரியும், தெரிந்துகொள்வது அவர் தொழில். இந்த அம்மாவுக்கு அப்படி இல்லை. விலை தெரிந்த ஆள் அந்த அறையில் நான் மட்டும்தான். இல்லை, நாங்கள் இரண்டு பேர். இன்னொரு ஆள் பத்து வயசு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஃபோனில் இருந்த ஸ்பிரெட்ஷீட்டை அந்த அம்மாவிடம் காட்டினேன். அரித்த போர்டையும் காட்டினேன், கழித்த கணக்கையும் சொன்னேன். அவர் மகனை அழைத்தார். வாங்குகிறவனே விலையை ஏற்றுகிறான் என்றதும் மகனுக்கு என் மேல் சந்தேகம் வந்துவிட்டது! செக் வேண்டாம், ரொக்கம்தான் என்று சொல்லிவிட்டார். வங்கிக்குப் போய் எடுத்து வந்து 1,100 கொடுத்தேன். அந்த அம்மா உள்ளே போய் ஒரு ஷூ பெட்டி கொண்டுவந்தார். அசல் கையேடு, மின்சுற்று வரைபடம், சாவிகள், மூன்று உதிரிச் சுருள்கள்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி: "ஐநூறுன்னு சொன்னதுக்கு ஆயிரத்து நூறு குடுத்துட்டு வந்த ஒரே ஆள் நீங்கதான்." ஆனால் கோபம் இல்லை.

கொண்டுவந்ததும் இப்போதும்

நீங்களும் வாங்கப் போனால் சில வார்த்தைகள். எடை நூறு கிலோவுக்கு மேல் இருக்கும், இரண்டு ஆள் வேண்டும். குண்டை முதலில் வெளியே எடுங்கள். கனெக்டர்களைக் கழற்றும் முன் ஃபோட்டோ எடுங்கள். தலைப் பெட்டியையும் கால்களையும் கழற்றினால் மினிவேனில் போகும். பழைய டிஸ்பிளேக்களுக்கு 170 வோல்ட் அளவில் மின்சாரம் போகும். பிளக்கைப் பிடுங்காமல், குழந்தைகள் பக்கத்தில் இருக்கும்போது தலைப் பெட்டியைத் திறக்காதீர்கள். பேட்டரி இருந்தால் முதல் வேலையாக அதை வெட்டி எடுத்துவிடுங்கள்.

நான் எடுத்துவிட்டேன். அதனால் அணைத்தால் இயந்திரம் மதிப்பெண்ணை மறந்துவிடும். பக்கத்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். ஆடுகிறவர்கள் பெயரைத் தமிழில்தான் எழுத வேண்டும் என்பது என் மனைவி போட்ட சட்டம். ஐபேட் கேட்பது நிற்கவில்லை, கொஞ்சம் குறைந்திருக்கிறது. காசுக் கதவின் உட்புறம் பழைய டேப் ஒன்றில் அந்த அம்மாவின் கணவர் பேனாவால் எழுதிய எண் ஒன்று இருக்கிறது: 4,86,320. என் மகள் இதுவரை எடுத்தது 2,91,000. அந்த டேப்பை எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.