பராநகரில் ஒரு பகல்

கல்கத்தாவுக்குப் போய்வந்ததாக ஒருவர் சொன்னால், "காளி கோயில் பார்த்தீர்களா? ஹௌராப் பாலம் பார்த்தீர்களா? ரஸகுல்லா வாங்கிவந்தீர்களா?" என்று மூன்று கேள்விகள் உடனே பிறக்கும். இப்போது கொல்கத்தா என்று பெயர் வழங்கும் அந்த மாநகருக்குச் சென்ற கோடையில் நாமும் போயிருந்தோம். காளியைத் தரிசித்தோம், பாலத்தைக் கண்டோம், ரஸகுல்லா வழியிலேயே தீர்ந்துபோயிற்று. ஆயினும் நாம் போன காரியம் வேறு. எண்களுக்கென்றே ஒரு ஸ்தாபனம் அந்நகரின் வடபால் பராநகரில் இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் போனோம்.

நமக்கு வழித்துணை இருவர். ஒருத்தி, நம்மிடம் கணிதம் பயின்ற மாணவி. மற்றவர் அவளுடைய தாயார். கணவரை இழந்த பிறகு ஊரில் சிறிய மெஸ் ஒன்று நடத்தி, தினம் நாற்பது பேருக்குச் சோறு போட்டு, அந்த வருமானத்தில் மகளைப் படிக்கவைத்த அம்மாள். பெண்ணுக்கு, வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் ஓர் எஞ்சினீயரிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. நுழைவுத் தேர்வு எழுதி, கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் ஸ்தாபனத்திலும் இடம் பெற்றிருந்தாள். எதில் சேர்வது? பத்து நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். "இடத்தைக் கண்ணால் பார்க்காமல் பெண்ணை அனுப்ப மாட்டேன், ஸார்" என்றார் அம்மாள். நியாயமான வார்த்தை.

நாம் துணைக்குப் போனதற்கு ஒரு பழைய கடனும் காரணம். பதினைந்து வருஷங்களுக்கு முன் மாணவன் ஒருவன் இதே ஸ்தாபனத்தின் விண்ணப்பத்துடன் நம்மிடம் யோசனை கேட்க வந்தான். "தலை எண்ணுகிற படிப்புக்கு ஆயிரம் மைல் போக வேண்டுமா, அப்பா?" என்று சிரித்து அனுப்பிவிட்டோம். அவன் மனமில்லாமல் வேறு படிப்பில் சேர்ந்தான், பாதியில் நிறுத்தினான். இன்றும் நம்மை வீதியில் கண்டால் கைகூப்புகிறான். அந்த வணக்கந்தான் உறுத்துகிறது.

சென்னையில் ஹௌரா மெயில் ஏறினோம். பொழுது போவதற்காக, அந்த ஸ்தாபனத்தை நிறுவிய பிரசாந்த சந்திர மஹலநோபிஸின் கதை ஒன்றைச் சொன்னோம். 1914-ல் அவர் கேம்பிரிட்ஜில் மாணவர். நம் ராமானுஜனும் அப்போது அங்கே இருந்தார். ஒரு நாள் ராமானுஜன் அடுப்பில் காய்கறி வதக்கிக்கொண்டிருக்கையில், மஹலநோபிஸ் ஒரு பத்திரிகைப் புதிரை வாசித்தார். ஒரு வீதியில் 1, 2, 3 என்று வரிசையாக எண்ணிட்ட வீடுகள். ஒரு வீட்டுக்கு இடப்புறமுள்ள எண்களின் கூட்டுத்தொகையும், வலப்புறமுள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். மொத்த வீடுகள் 50-க்கு மேல், 500-க்குள். அந்த வீட்டின் எண் என்ன? ராமானுஜன் வதக்குவதை நிறுத்தாமலே, இந்தப் புதிரின் எல்லா விடைகளும் அடங்கிய ஒரு தொடர் பின்னத்தைச் சொல்லிவிட்டார்.

மாணவி உடனே காகிதம் எடுத்தாள். ரயில் கோதாவரிப் பாலத்தைத் தாண்டிய பிறகு, "288 வீடுகள்; 204-ஆம் வீடு" என்று விடை சொன்னாள். தாயாரோ, "காய் கருகாமல் இருந்ததா?" என்று விசாரித்தார்!

பராநகர் செல்லும் பாரக்பூர் டிரங்க் ரோடில் பஸ்ஸும் லாரியும் ஆட்டோவும் போடும் இரைச்சலில் காது அடைத்துப்போகும். வாயிலுக்குள் நுழைந்து சற்று நடந்தால் குளங்கள், மரங்கள், நிழல். மஹலநோபிஸ் வாழ்ந்த 'ஆம்ரபாலி' என்னும் இல்லமும் அங்கேதான் இருக்கிறது. பிரஸிடென்ஸி கல்லூரியில் பௌதிக ஆசிரியராயிருந்த அவர், அக்கல்லூரி அறையொன்றில் 1931 டிசம்பர் 17-ஆம் தேதி தொடங்கியதே இந்த ஸ்தாபனம். பிறகு 1959-ல் பார்லிமெண்டின் சட்டத்தால் பட்டம் வழங்கும் உரிமை பெற்றது.

"எஞ்சினீயர் அணை கட்டுவார். கணக்குப் படித்தவர் என்ன கட்டுவார்?" என்று அம்மாள் கேட்டார். நாம் 1926-ல் ஒரிஸாவில் பிராமணி நதி பெருக்கெடுத்த கதையைச் சொன்னோம். ஆற்றின் படுகை உயர்ந்துவிட்டது, ஆகவே கரைகளை உயர்த்த வேண்டும் என்பது எஞ்சினீயர்களின் அபிப்பிராயம். மஹலநோபிஸ் பல்லாண்டு மழை வெள்ளக் கணக்குகளை ஆராய்ந்து, படுகை உயரவில்லை என்று காட்டினார். ஆற்றின் மேற்பகுதியில் நீரைத் தேக்குவதே வழி என்றார். எங்கே கட்டுவது, எதற்காகக் கட்டுவது என்று தெரியாமல் கட்டினால் சுண்ணாம்பும் செங்கல்லும் தண்டந்தானே?

அடுத்து வங்காளத்துச் சணல் விளைச்சலை அவர் மதிப்பிட்ட விதத்தைச் சொன்னோம். எல்லா வயல்களையும் அளக்கப் பணமும் இல்லை, காலமும் இல்லை. ஆகவே சில வயல்களைக் குலுக்கலில் எடுப்பது போலப் பொறுக்கி, அவற்றை மட்டும் நன்றாக அளந்து, மாகாணம் முழுவதற்கும் மதிப்பிட்டார்.

அம்மாள் சிரித்தார். "ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். இதற்கா இத்தனை பெரிய கட்டடம்?" என்றார். பிறகு தாமே சற்று யோசித்து, "ஆனால் பானையைக் கிளறிவிட்டு எடுக்க வேண்டும், ஸார். கிளறாமல் மேலாக எடுத்த சோறு பொய் சொல்லும்" என்றார். நாம் வாயடைத்து நின்றோம். குலுக்கல் எதற்கு என்பதை விளக்க வகுப்பில் நமக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும்!

தொழிற்சாலைக்கும் இச்சாஸ்திரம் உதவுகிறது. இட்லிக்கு அரிசி, உளுந்தின் அளவு, ஊறும் நேரம், புளிக்கும் நேரம், வேகும் நேரம் என்று நான்கு விஷயங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று விதம் என்றால், எல்லாம் செய்துபார்க்க 81 தடவை மாவரைக்க வேண்டும். சோதனைகளைத் திட்டமிட்டு அமைத்தால், ஒவ்வொன்றின் பலனையும் ஒன்பதே தடவையில் அறிந்துவிடலாம். இத்தகைய அட்டவணைகளைப் பற்றி இங்கே பணியாற்றிய ஸி. ஆர். ராவ் 1940-களில் எழுதினார். ஜப்பானிய நிபுணர் தாகுச்சி 1954-55-ல் இங்கே வந்து தங்கி, பின்னர் தம் நாட்டுத் தொழிற்சாலைகளில் இவ்வகைச் சோதனை முறையைப் பரப்பினார்.

அந்த ராவ் கல்கத்தாவுக்கு வந்ததே ராணுவத்தில் ஒரு கணக்கு வேலை தேடித்தான். வேலை கிடைக்கவில்லை, 1941-ல் இங்கே பயிற்சிக்குச் சேர்ந்தார். புள்ளியியலின் சர்வதேசப் பரிசு 2023-ல் அவரை அடைந்தது; அதே ஆண்டில் தமது 102-ஆம் வயதில் காலமானார். சென்னையில் பிறந்த வரதன், தொழிற்சாலைத் தரக் கட்டுப்பாடு கற்கும் எண்ணத்துடன் இங்கே வந்து, கணிதத்தில் மூழ்கி, 2007-ல் ஆபெல் பரிசு பெற்றார்.

அனுமதி பெற்று, பூகர்ப்பப் பொருட்காட்சி சாலையையும் பார்த்தோம். கோதாவரிச் சமவெளியில் இந்த ஸ்தாபனத்தார் தோண்டியெடுத்த 'பராபாசாரஸ்' என்னும் பிராணியின் எலும்புக்கூடு அங்கே நிற்கிறது. நீளம் சுமார் 14 மீட்டர். வங்காளியில் 'பரா பா' என்றால் பெரிய கால். ரவீந்திரரின் நூற்றாண்டான 1961-ஐ ஒட்டி அகழ்ந்ததால், அவர் பெயரையும் சேர்த்திருக்கிறார்கள். "பாலத்தைக் கடந்தோமே, அந்த மண்ணிலா இது கிடந்தது?" என்று மாணவி வியந்தாள்.

மாலையில் குளக்கரையில் உட்கார்ந்தோம். 1943-ஆம் வருஷத்துப் பஞ்சத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. லட்சக்கணக்கான மக்கள் மாண்டபின், யார் நிலத்தை விற்றார், யார் மாட்டை இழந்தார், யார் பிச்சைக்காரராயினர் என்று வங்காளக் கிராமங்களில் குடும்பம் குடும்பமாகக் கேட்டு எழுதியவர்கள் மஹலநோபிஸும் அவர் சகாக்களுமே. சுதந்திரத்துக்குப் பின் 1950-ல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வும் அவர் முயற்சியில் பிறந்ததுதான். பசி எத்தனை வீட்டில் என்று அறியாத அரசு, பசியைத் தீர்ப்பது எங்ஙனம்?

அம்மாள் வெகுநேரம் பேசவில்லை. முன்னதாகப் பெண்கள் விடுதியை நுணுகிப் பார்த்து, அங்கே சோறு குழைந்திருக்கிறது என்று தீர்ப்பும் கூறியிருந்தார். ஆகவே எஞ்சினீயரிங்தான் என்று நாம் மனத்தைத் தயார் செய்துகொண்டோம்.

"ஸார், என் மெஸ்ஸில் தினம் நாற்பது பேர் சாப்பிடுகிறார்கள். அது எனக்குத் தெரியும். வாசல் வரை வந்து, விலைப்பலகையைப் பார்த்துத் திரும்பிப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று இதுவரை நான் எண்ணியதில்லை" என்றார். பிறகு மகளின் தலையைத் தடவிக்கொடுத்து, "நீ எண்ணக் கற்றுக்கொண்டு வா" என்றார்.

தாய் தந்தையரான நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். "அதில் என்ன வேலை கிடைக்கும்?" என்ற கேள்வி தவறன்று, நம் வீடுகளில் கேட்டே ஆக வேண்டிய கேள்வி. "அதனால் என்ன வேலை நடக்கும்?" என்பதையும் அதனுடன் சேர்த்துக் கேளுங்கள்.

ஊர் திரும்பியதும், அந்தப் பழைய மாணவன் வீட்டுக்கு நாமே நடந்துபோனோம். இந்தத் தடவை முதலில் கைகூப்பியவர் நாம்.