கருவறைக்குள் வைத்த கணக்கு

ரிட்டயராகி வத்திராயிருப்புக்கு வந்த பிறகும் ஜாவா என்னை விடவில்லை. பக்கத்து வீட்டுப் பையன், தன் தாத்தாவின் வயல் கணக்கு நோட்டுகளை எச்.டி.எம்.எல். கோப்புகளாக டைப் செய்து டாம்கேட் சர்வரில் ஏற்றியிருந்தான். அவன் லேப்டாப்பில் திறக்கிறது. பெங்களூரில் இருக்கும் அத்தைக்குத் திறக்கவில்லை.

லிங்க் 'ஃபைல்' என்று தொடங்கினால் பிரவுசர் தன் சொந்த மெஷினில்தான் தேடும். அத்தை வீட்டுக் கம்ப்யூட்டரில் தாத்தா கணக்கு ஏது? சர்வரில் இருப்பதை சர்வர்தான் எடுத்துத் தர வேண்டும். பொது ஃபோல்டரில் போட்டால் உடனே திறக்கும்தான். ஆனால் யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதையெல்லாம் ஊருக்குக் காட்டலாமா?

அதற்குத்தான் 'வெப்-இன்ஃப்' என்றொரு ஃபோல்டர். கருவறை மாதிரி. வெளியிலிருந்து நேராகக் கேட்டால் டாம்கேட் 404 என்று கையை விரித்துவிடும். நாம் எழுதும் சர்வ்லெட்தான் அர்ச்சகர். லாகினைச் சரிபார்த்து உள்ளே போய் எடுத்து வந்து காட்டும். கேட்கிறவர் சொல்லும் ஃபைல் பெயரையும் அப்படியே நம்பக் கூடாது. இரண்டு புள்ளி, ஒரு சாய்கோடு போட்டே மேல் ஃபோல்டருக்கு ஏறிவிடுவார்கள்.

இரண்டு நாளில் பையன் முடித்துவிட்டான். அன்று ராத்திரியே அத்தை போன் செய்தாளாம். தன் கல்யாணத்துக்காக அப்பா வயலை ஒத்திக்கு வைத்தது அவளுக்கு அதுவரை தெரியாது.